தற்காலிக வேலையின் முப்பது ஆண்டுகள்: அயர்லாந்தின் சமூக வேலைவாய்ப்புத் திட்டம்

1994 ஏப்ரலில் அயர்லாந்து அரசு ‘கம்யூனிட்டி எம்ப்ளாய்மென்ட்’ என்ற சமூக வேலைவாய்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நீண்ட காலம் வேலையின்றி உதவித்தொகையில் வாழ்பவர்களை அவரவர் ஊரிலுள்ள சங்கங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் வாரத்துக்குப் பத்தொன்பதரை மணி நேரம் வேலைக்கு வைப்பது, கூடவே பயிற்சி தருவது, ஓராண்டு முடிந்ததும் சாதாரண வேலைச் சந்தைக்கு அனுப்பிவிடுவது என்பதுதான் ஏற்பாடு. வேலையில்லாதோர் எண்ணிக்கை குறைந்தால் திட்டமும் தானாகச் சுருங்கிவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அது நடந்துகொண்டிருக்கிறது. வேலையின்மை 4 சதவீதமாகக் குறைந்த காலத்திலும் அதை மூட முடியவில்லை. 15 சதவீதத்தைத் தாண்டிய காலத்திலும் அதனால் வேலையின்மையைக் கணிசமாகக் குறைக்க முடியவில்லை. இதை வைத்து அந்தத் திட்டம் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்த முடிவு தவறான அளவுகோலிலிருந்து பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு மனிதரை வேறு வேலைக்குத் தயார்படுத்துவது, ஓர் ஊருக்குத் தேவையான பணியைச் செய்து முடிப்பது ஆகிய இரண்டு காரியங்களை இத்திட்டம் ஒன்றாகச் சுமந்தது. அரசு முதலாவதை மட்டும் கணக்கில் எழுதியது. இரண்டாவதை நம்பி ஊர்களை வாழவிட்டது. திட்டத்தின் வரலாற்றுச் சிக்கல்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குப் பிழையில் வேர்கொண்டவை.

வேலையற்றோருக்கு அரசு வேலை கொடுப்பது அயர்லாந்துக்குப் புதிதல்ல. அதன் முதல் பெரிய அனுபவம் கசப்பானது. உருளைக்கிழங்கு நோயால் விளைந்த பெரும்பஞ்சத்தின்போது, 1846-ன் இலையுதிர் காலத்திலிருந்து பொதுப்பணி வாரியம் நிவாரண வேலைகளை நடத்தியது. 1847 மார்ச்சில் அவற்றில் உழைத்தவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். செய்யும் வேலையால் எந்தத் தனியார் நிலவுடைமையாளரும் லாபம் அடையக்கூடாது, தனியார் தொழிலோடு போட்டி கூடாது என்ற நிபந்தனைகள் இருந்ததால், பயனுள்ள நில மேம்பாட்டு வேலைகளுக்குப் பதிலாகச் சாலை போடுவதே பெரும்பான்மையானது. எங்கும் போய்ச் சேராத அந்தச் சாலைகளின் தடங்களை மேற்கு மாவட்டங்களில் இன்றும் காட்டுகிறார்கள். கூலி, வேலையின் அளவுக்கேற்பக் கணக்கிடப்பட்டது. பட்டினியால் நலிந்த உடம்பு உடைக்கும் கல்லின் அளவு குறையக் குறையக் கூலியும் குறைந்தது. அந்தக் கூலியும் பல இடங்களில் தாமதமாகவே கைக்கு வந்தது. 1847-ல் அரசே இந்த வேலைகளைக் கைவிட்டுக் கஞ்சித்தொட்டிகளுக்கு மாறியது. அந்தக் கோடையில் நாளொன்றுக்குச் சுமார் முப்பது லட்சம் பேர் அவற்றில் உண்டார்கள். உதவி பெறுபவர் வேலை செய்து தன் தகுதியை நிரூபிக்க வேண்டும், ஆனால் அந்த வேலை சந்தைக்கு எந்த வகையிலும் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்ற இரட்டைக் கட்டளை அப்போதே உருவாகிவிட்டது. 1994-ன் திட்ட விதிகளில், ஏற்கெனவே உள்ள எந்த வேலையையும் பறிக்கக்கூடாது என்ற நிபந்தனையைப் படிக்கும்போது இந்தப் பழைய கட்டளையின் நிழல் தெரிகிறது. நோக்கம் இப்போது மனிதாபிமானமானது என்பது பெரிய வேறுபாடு.

இந்த வரலாற்றின் ஓர் இழை சென்னை வரை நீள்கிறது. அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து இயக்கிய சார்லஸ் ட்ரெவெல்யன், 1859-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். அவர் போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1876-78 தாது வருடப் பஞ்சத்தில், அதே வகைச் சிந்தனை இங்கே ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்ற நாள்கூலியாக வடிவெடுத்தது. இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த அந்தக் கூலி, உழைக்கும் உடம்புக்குப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். வேலை நிவாரணத்துக்கானது என்றாலும் வெட்டிய கால்வாய் நிலைத்து நின்றது. செய்தவரின் நிலையும் செய்த பொருளின் பயனும் தனித்தனிக் கணக்குகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இந்த வகைத் திட்டங்களுக்குப் பயிற்சி என்ற புதிய நியாயம் வந்து சேர்ந்தது. அயர்லாந்தில் 1967-ல் ‘அன்கோ’ என்ற தொழிற்பயிற்சி மன்றம் அமைந்தது. 1973-ல் நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும் ஐரோப்பிய சமூக நிதியின் பணம் பயிற்சிக்குப் பாயத் தொடங்கியது. எண்பதுகளில் வேலையின்மை கட்டுக்கடங்காமல் போனது. 1986, 87 ஆண்டுகளில் உழைப்பாளர்களில் ஏறக்குறைய 17 சதவீதம் பேருக்கு வேலையில்லை. 1989 ஏப்ரலோடு முடிந்த ஓராண்டில் மட்டும் வந்தவர்களைக் கழித்து 40,000-க்கும் அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். இந்தச் சூழலில் 1985-ல் வந்த சமூக வேலைத் திட்டம், நீண்டகால வேலையற்றோருக்கு ஊர்ப்பணிகளில் ஓராண்டு அரைநேர வேலை கொடுத்தது. அன்கோ, தேசிய மனிதவளச் சேவை, இளைஞர் வேலைவாய்ப்பு முகமை ஆகிய மூன்றும் 1988 ஜனவரியில் ‘ஃபாஸ்’ என்ற ஒரே அமைப்பாக இணைந்தன. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் 1991-ல் செய்துகொண்ட சமூக ஒப்பந்தம் வேலையின்மை அதிகமிருந்த 12 பகுதிகளில் உள்ளூர்க் கூட்டமைப்புகளை உருவாக்கியது. அங்கே சோதித்துப் பார்த்த வடிவமும் 1985-ன் திட்டமும் சேர்ந்துதான் 1994-ல் கம்யூனிட்டி எம்ப்ளாய்மென்ட் ஆயின.

திட்டத்தின் இயக்கத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அதன் பலமும் பலவீனமும் அங்கேதான் இருக்கின்றன. அரசு நேரடியாக யாரையும் வேலைக்கு வைப்பதில்லை. ஊரிலுள்ள ஒரு தன்னார்வக் குழு விண்ணப்பித்து, நடத்தும் பொறுப்பை ஏற்கிறது. சட்டப்படி வேலை கொடுப்பவர் அந்தக் குழுதான். பங்கேற்பாளர்களின் கூலி, மேற்பார்வையாளரின் சம்பளம், பயிற்சிக்கும் கருவிகளுக்குமான மானியம் எல்லாம் அரசிடமிருந்து வருகின்றன. மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இருப்பது சாதாரணம். அவர்களில் ஒருவர் காலையில் முதியோருக்குச் சாப்பாடு சமைத்து, பொட்டலம் கட்டி, வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார். இன்னொருவர் கிராம அழகுப் போட்டிக்காக ஊர் முகப்பில் செடி நட்டுப் புல் வெட்டுவார். மற்றொருவர் குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர். வேறொருவர் சமூகக் கூடத்தின் வரவேற்பு மேசையில் தொலைபேசி எடுப்பவர். இதற்கிடையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கற்றல் திட்டம் எழுத வேண்டும், சான்றிதழ்ப் படிப்புக்கு அனுப்ப வேண்டும், அவர் போன பிறகு எங்கே சேர்ந்தார் என்று பதிவு செய்ய வேண்டும். முதியவருக்குச் சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும், சமைப்பவர் அன்று கணினி வகுப்பில் இருக்க வேண்டும் என்பதும் ஒரே செவ்வாய்க்கிழமையில் மோதும்போது அதைத் தீர்த்துவைப்பது அந்த மேற்பார்வையாளரின் தலையில்தான் விழுகிறது. கொள்கை அளவில் முடிவெடுக்கப்படாத முரண்பாடு, நடைமுறையில் ஒரு தனிமனிதரின் அன்றாட வேலைப் பங்கீடாக மாறியது.

யார் சேர்ந்தார்கள் என்பதும் முக்கியம். திட்டத்தின் முதல் வடிவம், நீண்ட காலம் வேலையின்றி இருந்து மனம் தளர்ந்த நடுத்தர வயது ஆண்களை மனத்தில் வைத்து வரையப்பட்டது. 1994-க்குப் பின் ஒற்றைப் பெற்றோராகக் குழந்தை வளர்க்கும் பெண்கள் பெருமளவில் வந்தார்கள். அரைநேர வேலை பள்ளி நேரத்தோடு ஒத்துப்போனது. மருத்துவ அட்டை போன்ற துணைச் சலுகைகள் போகவில்லை. ஒற்றைப் பெற்றோர் உதவித்தொகையோடு திட்டக் கூலியையும் சேர்த்துப் பெற முடிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் பங்கேற்பாளர் எண்ணிக்கை ஏறத்தாழ 40,000-ஐ எட்டியது. நாட்டின் மொத்த உழைப்பாளர் தொகையே ஏறக்குறைய பதினைந்து லட்சமாக இருந்த காலம் அது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கென 1,000 இடங்கள் தனியாக ஒதுக்கப்பட்டன. அவர்களுக்கு வேலையைவிட மீட்சியே முதல் நோக்கம் என்று அரசே ஏற்றுக்கொண்டது. ஆக, வேலைச் சந்தைக்கு அனுப்பும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட திட்டத்துக்குள், அந்த அச்சுக்குப் பொருந்தாத பல வாழ்க்கைகள் நுழைந்துவிட்டன.

பொருளாதார ஏற்றம் வந்ததும் விமர்சனமும் கூர்மையானது. பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனத்தின் ஃபிலிப் ஓகானலும் ஃபிரான்சிஸ் மெக்கினிட்டியும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு, அரசின் வேலைத்திட்டங்களை வகைபிரித்து ஒப்பிட்டது. சந்தைக்குத் தேவையான குறிப்பிட்ட திறன்களைக் கற்பித்த பயிற்சிகளும் தனியார் முதலாளிகளுக்குக் கொடுத்த கூலி மானியமும் பங்கேற்றவர்களின் வேலை வாய்ப்பைக் கூட்டின. நேரடி வேலைத் திட்டங்களால் அத்தகைய பயன் பலவீனமாகவே இருந்தது. அடுத்த ஆண்டு டெலாய்ட் அண்ட் டச் நிறுவனம் அரசுக்காகச் செய்த மறுஆய்வும் திட்டத்தைச் சீரமைக்கச் சொன்னது. 1999 முதல் இடங்கள் குறைக்கப்பட்டன. சில ஆண்டுகளில் உச்சத்தின் பாதி அளவுக்கு இறங்கின. ஆனால் வெட்டத் தொடங்கியபோதுதான் வெட்டுவது எதை என்று தெரிந்தது. பள்ளிகளில் எழுத்தர், பராமரிப்பாளர், துப்புரவுப் பணியாளர் வேலைகளை இந்தத் திட்டத்தில் வந்தவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை எடுத்துவிட்டால் பள்ளி அலுவலகம் திறக்காது. எனவே அந்தச் செலவு கல்வித்துறையின் மானியத்துக்கு மாற்றப்பட்டது. 2000-ல் சமூகப் பொருளாதாரத் திட்டம் ஒன்று வந்து, 2006-ல் சமூகச் சேவைகள் திட்டமாக உருமாறியது. வேலையற்றோரைத் தயார்படுத்துவதைவிட சேவையை நிலைநிறுத்துவதே அதன் முதல் கணக்கு. அரசு தன் செயலால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது: தற்காலிக வேலை அனுபவம் என்று எழுதப்பட்டவற்றில் ஒரு பகுதி, நிரந்தரமாகத் தேவைப்படும் வேலை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்றைச் சந்திக்க வேண்டும். அயர்லாந்து ஆய்வு தனித்த முடிவல்ல. டேவிட் கார்ட், யோகன் க்ளூவே, ஆந்த்ரேயா வெபர் ஆகியோர் பல நாடுகளின் 200-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோதும், பொதுத்துறை வேலைத் திட்டங்கள் பங்கேற்பாளரின் பிற்கால வேலை வாய்ப்பில் மிகக் குறைந்த பயனையே தந்தன, சில நேரங்களில் பாதகமும் செய்தன என்றே கண்டார்கள். திட்டத்தில் இருக்கும் காலத்தில் ஆள் வேறு வேலை தேடுவதைக் குறைத்துக்கொள்கிறார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. இந்தச் சான்றை மறுப்பதற்கில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை என்பதைப் பார்க்க வேண்டும். பங்கேற்றவர் பிறகு சந்தையில் வேலை பெற்றாரா என்பதையே அந்த ஆய்வுகள் அளந்தன. பங்கேற்ற காலத்தில் அவர் செய்த வேலையின் மதிப்பு அந்தக் கணக்கில் பூஜ்யம். தனியார் நிறுவனத்தில் ஒருவர் மூன்றாண்டு வேலை பார்த்துவிட்டு வெளியேறினால், அந்த மூன்றாண்டு உழைப்பை யாரும் பூஜ்யமாக எழுதுவதில்லை. முதியோருக்குக் கொண்டுபோன சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு? மேலும், சந்தை வேலைக்கு மிக அருகில் இருப்பவர்கள் குறிப்பிட்ட திறன் பயிற்சிகளுக்குப் போவதும், தொலைவில் இருப்பவர்கள் இதில் சேர்வதும் இயல்பாக நடந்தது. ஆய்வாளர்கள் புள்ளிவிவர முறையில் இதைச் சரிசெய்ய முயல்கிறார்கள் என்றாலும், மன ஊக்கம், உடல்நலம், வீட்டுச் சூழல் ஆகியவை முழுமையாகத் தரவுகளில் ஏறுவதில்லை.

வேலை என்பது கூலியைத் தாண்டி என்ன தருகிறது என்ற கேள்விக்கு ஆஸ்திரியாவின் மரியெந்தால் பழைய சான்று. நூற்பாலை மூடப்பட்ட அந்தச் சிற்றூரை மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைஸல் ஆகியோர் ஆராய்ந்து 1933-ல் வெளியிட்டார்கள். நேரம் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள்; வீட்டுவேலை குறையாத பெண்களின் நடை அப்படித் தளரவில்லை. நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, தான் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு ஆகியவற்றை வேலை தருகிறது என்பது யஹோடா பிற்காலத்தில் வளர்த்தெடுத்த கருத்து. அதே ஊரில் 2020 அக்டோபரில், நீண்டகால வேலையற்றோர் அனைவருக்கும் விருப்பத்தின்பேரில் வேலை உறுதி தரும் சோதனை தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டின் மாக்சிமிலியன் காஸியும் லூகாஸ் லேனரும் அதை மதிப்பிட்டு, பங்கேற்றவர்களின் வருமானப் பாதுகாப்பு, மனநலம், சமூகத் தொடர்பு ஆகியவை மேம்பட்டதைக் காட்டினார்கள். பிற்கால வேலையை மட்டும் அளந்திருந்தால் இந்தப் பயன்களில் பெரும்பாலானவை கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாவது மறுப்பு தொழிற்சங்கப் பக்கத்திலிருந்து வருகிறது: இவை உண்மையான வேலைகள் என்றால், உண்மையான சம்பளம் எங்கே? பிரிட்டனின் அனுபவம் இந்தக் கேள்வியின் எடையைக் காட்டுகிறது. 1982-ல் தொடங்கிய அங்குள்ள கம்யூனிட்டி புரோகிராம், அந்தந்த வேலைக்கு உள்ளூரில் நிலவும் மணிக்கூலியைக் கொடுத்தது; சங்கங்கள் அதை ஏற்றுக்கொண்டதற்கு அது முக்கியக் காரணம். 1988-ல் அதற்குப் பதிலாக வந்த எம்ப்ளாய்மென்ட் ட்ரெயினிங் திட்டம், உதவித்தொகைக்கு மேல் சிறு தொகை மட்டும் கொடுத்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் தொழிற்சங்க மாநாடு அதற்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. பயிற்சி என்ற சொல்லின் பாதுகாப்பில் கூலியைக் குறைக்கலாம் என்பதை அந்த மாற்றம் அப்பட்டமாகக் காட்டியது. அயர்லாந்திலும் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் உண்டு. உதவித்தொகைக்கு மேல் கிடைத்த கூடுதல் தொகை 2010-களின் தொடக்கத்தில் வாரத்துக்கு 20 யூரோதான். இந்த மறுப்பு என் வாதத்துக்கு எதிரானதல்ல, அதை முன்னெடுத்துச் செல்வது. ஊருக்குத் தேவையான வேலை என்று ஒப்புக்கொண்டால் அதற்கான கூலியைப் பேச வேண்டிவரும். பயிற்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பேசாமல் தப்பிக்கலாம்.

2008-ன் பொருளாதார வீழ்ச்சி இந்த வரலாற்றை மறுபடியும் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2011-ல் ‘டூஸ்’ என்ற பெயரில் ஓராண்டு ஊர்வேலைத் திட்டமும், தனியார் நிறுவனங்களில் பயிற்சியாளராகச் சேர உதவித்தொகையோடு வாரம் 50 யூரோ கூடுதலாகத் தரும் ஜாப்பிரிட்ஜும் வந்தன. இலவச உழைப்பு என்ற எதிர்ப்பின் நடுவே ஜாப்பிரிட்ஜ் 2016-ல் மூடப்பட்டது. கம்யூனிட்டி எம்ப்ளாய்மென்ட் திட்டமோ ஃபாஸிடமிருந்து சமூகப் பாதுகாப்புத் துறைக்கு மாறியது. 2012-க்கான வரவுசெலவுத் திட்டம், பயிற்சிக்கும் கருவிகளுக்குமான மானியத்தை ஆளுக்கு 1,500 யூரோவிலிருந்து 500 ஆகக் குறைத்தது; ஒற்றைப் பெற்றோர் இரண்டு தொகைகளையும் சேர்த்துப் பெறும் வசதியும் புதிதாகச் சேர்பவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அந்த மானியத்தில்தான் நடத்தும் குழுக்கள் காப்பீடும் வாடகையும் கட்டிவந்தன. காப்பகங்களும் முதியோர் சேவைகளும் மூடப்படும் என்று ஊர்கள் எழுந்து குரல் கொடுத்ததும் துறை ஒவ்வொரு திட்டத்தின் நிதிநிலையையும் ஆராய்ந்து, பின்வாங்க வேண்டியிருந்தது. கவனிக்க வேண்டியது, அந்த எதிர்ப்பில் ஒலித்த வாதம் வேலையற்றோரின் பயிற்சி பற்றியதைவிட சேவைகளைப் பற்றியதே அதிகம்.

நீண்ட நாள் தங்கவிட்டால் சோம்பலாகிவிடுவார்கள் என்ற அச்சத்தில் காலவரம்பு வைப்பது இன்னொரு தொடர்கதை. வயதில் மூத்தவர்களுக்குக் கூடுதல் ஆண்டுகள், பிறகு மறுபடி திருத்தம், 2017-ல் சேரும் வயது 25-லிருந்து 21 ஆகக் குறைப்பு, வேலைக்குத் தயார்படுத்தும் பிரிவு, சமூக உள்ளடக்கப் பிரிவு என இரண்டாகப் பிரித்துப் பேசும் முயற்சி என விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. அந்தக் கடைசி முயற்சி சரியான திசை என்றே கருதுகிறேன். குழந்தைகள் காப்பகத்தில் சான்றிதழ் படித்து வேறு காப்பகத்தில் வேலைக்குப் போகும் இளம்பெண்ணையும், அறுபது வயதில் ஊர்க்கூடத்தைப் பராமரிக்கும் மனிதரையும் ஒரே விதியில் அளந்தால் இருவருக்குமே அநீதி. முதலாமவருக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும். இரண்டாமவருக்கு வேலை நிலைக்க வேண்டும். ஓராண்டுக்கொருமுறை முன்னேற்றக் கேள்வித்தாள் அவருக்கு எதையும் தராது. அண்மைக் காலத்தில் வேலையின்மை மிகக் குறைந்து, திட்டத்தின் இடங்களை நிரப்ப ஆள் கிடைக்காமல் நடத்தும் குழுக்கள் தவிப்பது, இப்பிரிவினையின் அவசியத்தை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. வேலையற்றோர் இருந்தால்தான் முதியவருக்குச் சாப்பாடு என்ற நிலை எந்த ஊருக்கும் ஏற்றதல்ல.

இந்தக் கணக்குப் பிழையின் மிகத் தெளிவான விளைவு மேற்பார்வையாளர்களின் ஓய்வூதிய விவகாரம். பங்கேற்பாளர்கள் வந்து போனார்கள். மேற்பார்வையாளர்களோ இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அதே வேலையில் இருந்தார்கள். 2008-ல் தொழிலாளர் நீதிமன்றம் அவர்களுக்கு ஓய்வூதிய ஏற்பாடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவர்கள் அரசின் ஊழியர்கள் அல்ல, ஊர்க்குழுக்களின் ஊழியர்கள் என்பது அரசின் நிலைப்பாடு. ஊர்க்குழுக்களிடம் அரசு தரும் பணத்தைத் தவிர வேறு பணமில்லை. பதின்மூன்று ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2021 டிசம்பரில், வேலை பார்த்த ஆண்டுகளைக் கணக்கிட்டு ஓய்வுபெறுவோருக்கு ஒருமுறைத் தொகை தர அரசு ஒப்புக்கொண்டது. அது ஓய்வூதியமாக வழங்கப்படவில்லை, அரசுதான் வேலை கொடுப்பவர் என்ற ஒப்புதலும் அதில் இல்லை. பணம் கொடுத்தவரும், விதி எழுதியவரும், கணக்குக் கேட்டவரும் அரசே என்றிருக்க, வேலை கொடுத்தவர் மட்டும் வேறு யாரோ என்ற நிலை இன்னும் தீர்க்கப்படவில்லை.